எது முதல்ல போச்சு?

வெப்சைட்டில் ஏதாவது ஒரு பக்கம் மக்கர் பண்ணினால் எங்கள் ஆபீஸில் எல்லோரும் "என்ன ஆச்சு?" என்று கேட்பார்கள். அவள் ஒருத்திதான் "எது முதல்ல போச்சு?" என்று கேட்பாள்.

அவள் பெயரைச் சொல்ல மாட்டேன். மதுரையில் இந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் கொஞ்சப் பேர். பெயரைச் சொன்னால் பொழுது சாய்வதற்குள் அவள் காதுக்குப் போய்விடும். அவள் மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. ஆனால் அவளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் நல்ல விஷயங்கள்தான் முந்திக்கொண்டு வருகின்றன. அதுவே எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

ஆபீஸ் திருநகரில், ஒரு ஜவுளிக்கடைக்கு மேல் மாடியில். மொத்தம் பதினோரு பேர். கிளினிக், பள்ளிக்கூடம், கல்யாண மண்டபம் என்று சுற்றுவட்டாரத்து ஆட்களுக்கு வெப்சைட் செய்து கொடுப்போம். முதலாளியை எல்லோரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். நானும் அவளும் ஒரே பரீட்சை எழுதி ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். திரையில் கண்ணுக்குத் தெரிகிற பட்டன், பட்டியல் எல்லாம் என் பொறுப்பு. திரை கேட்பதை சர்வருக்கு அனுப்பிப் பதிலை வாங்கி வருவது அவள் பொறுப்பு. ஒரு வருஷம் பார்த்துவிட்டு வேலையை நிரந்தரம் பண்ணுவதா, அனுப்பிவிடுவதா என்று அண்ணன் முடிவு சொல்வார். நிரந்தரம் ஆகிவிட்டால் நான் சென்னைக்குப் போக வேண்டாம். வீட்டிலிருந்தே வேலைக்கு வந்து போகலாம், அம்மா அடுத்தவர் காட்டில் களை எடுக்கப் போவதை நிறுத்திவிடலாம். அந்த ஒரு வருஷமும் நான் வேறு எதையும் யோசிக்கவில்லை.

சேர்ந்த இரண்டாவது மாதம் ஒரு கல்யாண மண்டபத்துக்காரர் போன் போட்டுக் குதித்தார். மண்டபத்தில் எந்தத் தேதி காலியாக இருக்கிறது என்று காட்டும் பக்கம் அது. "ஆவணி மாசம் பூராம் காலியா இருக்குன்னு காட்டுது. ஒரே முகூர்த்தத்துக்கு ரெண்டு மாப்பிள்ள வீட்டுக்காரங்க வந்து நிக்கிறாங்க. நான் யாருக்குத் தாலி கட்ட எடம் குடுக்க?" என்று கத்தினார். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

பிரவுசரில் எஃப் பன்னிரண்டு பட்டனைத் தட்டினால் கீழே ஒரு பெட்டி திறக்கும். அதில் நெட்வொர்க் என்று ஒரு பகுதி. அந்தப் பக்கம் சர்வரிடம் என்னென்ன கேட்டது, என்னென்ன வந்தது என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு வரியாக அங்கே நிற்கும். அவள் வாழ்ந்ததே அந்தப் பெட்டிக்குள்தான் என்று சொல்லலாம். நான் பதற்றத்தில் அதை முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என் கையைத் தட்டிவிட்டாள்.

"எதப் பாத்துக்கிட்டு இருக்க? இந்த முக்கோணம் எங்க நிக்குதுன்னு மொதல்ல பாருடி. சைஸ் மேல நிக்குது. நீ பாக்குறது யாரு குண்டு யாரு ஒல்லிங்கிற வரிசை. யாரு மொதல்ல கெளம்புனாங்கிற வரிசை இல்ல."

நான்தான் எங்கோ தட்டித் தொலைத்திருக்கிறேன். பட்டியலின் எந்தத் தலைப்பைத் தட்டுகிறோமோ, அதன்படி வரிகள் இடம் மாறிக்கொள்ளும். தலைப்பின் ஓரத்தில் கடுகளவு ஒரு முக்கோணம் மட்டும் அதைச் சொல்லும். அவள் நேர வரிசைக்கு மாற்றிவிட்டு, ஆடி, ஆவணி என்று இரண்டு மாதத்தையும் அடுத்தடுத்துத் தட்டிப் பார்த்தாள். சிரித்தாள்.

"இங்க பாரு. கேட்டது ஆடி, அப்பறம் ஆவணி. வந்து சேந்தது ஆவணி, அப்பறம் ஆடி. கடைசியா வந்தவன் சேர்ல உக்காந்துட்டான். ஆடியில எவன் கல்யாணம் வப்பான்? அதான் பூராம் காலியா கெடக்கு."

மேலே ஆவணி என்ற தலைப்பு, கீழே ஆடி மாதத்துத் தேதிகள். அவ்வளவுதான் விஷயம். கடைசியாகக் கேட்டதற்கு வந்த பதிலைத் தவிர மற்றதைத் தூக்கிப் போடு என்று நாலு வரி எழுதினாள். மண்டபத்துக்காரர் அடுத்த வாரம் ஒரு பெட்டி அல்வாவோடு வந்தார். அவள் அதை மாடியேறி வந்தவர்களின் வரிசைப்படி பிரித்துக் கொடுத்தாள். அண்ணன் தாமதமாக வந்ததால் அவருக்குத் தூள்தான் கிடைத்தது.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவள் எல்லா இடத்திலும் அப்படித்தான். டீக்கடையில் எங்களுக்கு முதலில் கிளாஸ் நீட்டினால் வாங்க மாட்டாள். "அந்தா அந்தப் பெரியவரு நமக்கு முன்னாடியே வந்து நிக்கிறாருண்ணே" என்பாள். பெட்ரோல் பங்கில் குறுக்கே வண்டியை விடுகிறவனை விடவே மாட்டாள்.

ஒருமுறை பெரியார் பஸ் ஸ்டாண்டில் திருமங்கலம் பஸ் ஏறினோம். ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பது எங்கள் ஊரில் எழுதாத சட்டம். ஒரு சீட்டில் துண்டு கிடந்தது, ஆளைக் காணோம். பக்கத்தில் கைக்குழந்தையோடு ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். இவள் துண்டை எடுத்து மடித்துக் கம்பியில் தொங்கவிட்டு அந்தப் பெண்ணை உட்காரவைத்தாள். துண்டுக்காரர் ஏறி வந்து, "நான்தானம்மா மொதல்ல எடம் போட்டேன்" என்று மல்லுக்கு நின்றார்.

"துண்டுதாண்ணே மொதல்ல வந்துச்சு. நீங்க வரலையே. ரிக்வெஸ்ட் போட்டுட்டு நீங்க பாட்டுக்குப் பஜ்ஜி திங்கப் போயிட்டா சீட்டு எம்புட்டு நேரம் காத்துக் கெடக்கும்?"

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் பஜ்ஜி விஷயம் உண்மையாக இருந்திருக்க வேண்டும். வாயைத் துடைத்துக்கொண்டு நின்றபடியே வந்தார். எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

இந்தப் புத்தி அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் அவளே சொன்னாள். உசிலம்பட்டிப் பக்கம் அவர்களுக்குத் தோட்டம் இருந்தது. கிணறு அவள் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் பொது. கரண்ட் இருக்கிற நேரத்தில் மோட்டார் யாருடையது என்று முறை வைத்திருந்தார்கள். யார் முறை எப்போது ஆரம்பித்தது, நடுவில் கரண்ட் எப்போது போனது என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கும் வேலை பள்ளிக்கூடம் படிக்கும்போது அவளுடையது. ஒருநாள் அவள் பரீட்சைக்குப் போன நேரத்தில் சித்தப்பா முறையை மாற்றிப் போட்டுவிட்டார். அப்பாவின் நெற்பயிர் காய்ந்து கருகியது.

"ஊரே கூடி நிக்குது. சித்தப்பா, என் முறைதான்னு சாதிக்கிறாரு. நான் எழுதாத நாளு அது. அப்பா என்னையப் பாக்குறாரு. நான் என்னத்தச் சொல்ல?" என்று சொல்லும்போது அவள் கை சோற்றில் அப்படியே நின்றுவிட்டது. "வரிசைய மாத்துறவன் கொலகாரன் மாதிரிடி" என்றாள். நான் அன்றைக்கு என் டப்பாவிலிருந்த முட்டையை அவளுக்கு வைத்தேன்.

அவளிடம் எனக்குப் பயமும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். சண்டை என்று அவளிடம் போனால் ஆறுதல் கிடைக்காது. ஆபீஸில் இரண்டு பையன்கள் ஒரு கிண்டலுக்காக முட்டிக்கொண்டபோது, யார் என்ன சொன்னார், அதற்கு முன்னால் யார் சிரித்தார் என்று இம்மி பிசகாமல் எல்லோர் முன்னாலும் அடுக்கினாள். அதில் ஒருவன் அழுதுவிட்டான். அவளுக்கு அது உறைக்கவே இல்லை. "நான் நடந்ததத்தானே சொன்னேன்" என்றாள்.

எங்கள் ஊர் திருமங்கலம் தாண்டி உள்ளே. சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. ஊருக்கு வெளியே தனியாக இருக்கும் தெரு எங்களுடையது. பொங்கலுக்கு அவளைக் கூப்பிட்டபோது வர மாட்டாள் என்றுதான் நினைத்தேன். தோட்டமும் கிணறும் இருக்கிற வீட்டுப் பிள்ளைகள் எங்கள் தெருவுக்குள் வருவது இன்றைக்கும் லேசான காரியம் இல்லை. அவள் வந்தாள். அடுப்படி வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அம்மா அவளுக்கு முதலில் இலை போட்டதும், "நீங்க காலையிலேருந்து அடுப்புல வேகுறீக. நீங்க மொதல்ல உக்காருங்க" என்று பிடிவாதம் பிடித்து அம்மாவை உட்காரவைத்துப் பரிமாறினாள். அவள் போன பிறகு அம்மா இலைகளைச் சுருட்டி எடுத்தது. "அந்தப் புள்ளைய விட்றாத" என்று மட்டும் சொன்னது.

நிரந்தரம் ஆவதற்கு ஒரு மாதம் இருக்கும்போது கிளினிக் விவகாரம் வந்தது.

திருமங்கலத்தில் ஒரு டாக்டரின் கிளினிக்குக்கு டோக்கன் போடும் பக்கம் செய்து கொடுத்திருந்தோம். காலை ஆறு மணிக்குப் போனில் பட்டனைத் தட்டினால் எண் கிடைக்கும். ஒரு போன் நம்பருக்கு ஒரு டோக்கன்தான். மறுபடி தட்டினால் பழையது போய்ப் புதியது வரும். கிளினிக் கேட்டுக்கொண்ட விதி அது. சுற்றுக் கிராமங்களில் சிக்னல் சரியாக இருக்காது. அங்கிருந்து டோக்கன் போடுகிறவர்கள் விடியற்காலையே தட்டியும் கடைசியில் போய் நிற்கிறார்கள் என்று புகார் வந்துகொண்டே இருந்தது. ஒருநாள் நிறைமாதக் கர்ப்பிணிப் பெண் ஒருத்தி, மூன்றாம் எண் கிடைக்க வேண்டியவள், நாற்பத்தொன்றாம் எண்ணோடு மத்தியானம் வரை வெறும் வயிற்றோடு காத்திருந்து மயங்கி விழுந்துவிட்டாள். நல்லவேளை, தாய்க்கும் பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை. டாக்டர் அண்ணனைக் கூப்பிட்டு, இதற்கு யார் காரணம் என்று தெரிந்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

நானும் அவளும் கிளினிக் படிக்கட்டில் லேப்டாப்போடு உட்கார்ந்தோம். பிரவுசரிலேயே இணைய வேகத்தைக் குறைத்து வைத்து, அந்தப் பெண் செய்ததை அப்படியே செய்து பார்த்தோம். நெட்வொர்க் பட்டியலில் ஐந்து வரிகள் விழுந்தன. பக்கம் திறந்ததும், இதுவரை யாருக்கு என்ன எண் என்று கேட்கும் ஒரு லிஸ்ட். பட்டனைத் தட்டியதும், எனக்கு ஒரு எண் கொடு என்று கேட்கும் டோக்கன். அது முடியும் வரை காத்திருக்காமல் அதன் வாலைப் பிடித்துக்கொண்டே கிளம்பிய இன்னொரு லிஸ்ட். டோக்கன் பதிவாவதற்குள் அந்த லிஸ்ட் போய்ப் பழைய பட்டியலைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டது. "உங்களுக்கு இன்னும் டோக்கன் இல்லை" என்று திரை சொன்னது. அதை நம்பித்தான் அந்தப் பெண் மறுபடி தட்டியிருக்கிறாள். அது இரண்டாவது டோக்கன், அப்புறம் ஒரு லிஸ்ட். மூன்றாம் எண் போய் நாற்பத்தொன்று வந்த கதை இதுதான்.

டோக்கன் முடிந்த பிறகுதான் லிஸ்ட் போக வேண்டும். அந்த இரண்டையும் அனுப்புவது அவள் எழுதிய பகுதி. ஒரு பதில் வரும்வரை காத்திரு என்று ஒரு சொல் எழுதாமல் விட்டிருந்தாள். உலகத்தில் யார் மறந்தாலும் அவள் மறக்கக் கூடாத ஒரு சொல் அது.

அவள் முகம் வெளுத்துவிட்டது. லேப்டாப்பைப் பாதி மூடினாள். எனக்குப் பாவமாக இருந்தது. "விடு, யாருக்கும் வரும். என் பட்டனும்தான் ரெண்டாவது தடவ தட்டவிட்டுச்சு, பதில் வர்ற வரைக்கும் நான் அதப் பூட்டி வச்சிருக்கணும்" என்றேன். அது உண்மைதான், மறுக்க மாட்டேன். ஆனால் பட்டனைப் பூட்டியிருந்தாலும், அந்தப் பூட்டு விலகியதும் திரை அதே பொய்யைத்தான் சொல்லியிருக்கும். அவளுக்கும் அது தெரியும்.

"நான் அண்ணன்கிட்டச் சொல்லிக்கிறேன். நீ வீட்டுக்குப் போ" என்றாள். போவதற்கு முன்னால், அன்றைக்கு விழுந்த நெட்வொர்க் பட்டியலைச் சேமித்து எனக்கும் ஒரு காப்பி அனுப்பினாள். பழக்கம் அப்படி.

மறுநாள் பத்து மணிக்கு மீட்டிங். அண்ணன் பெரிய டிவியில், அவள் அனுப்பியிருந்த ஒரு படத்தைப் போட்டார். நெட்வொர்க் பட்டியலைப் படம் பிடித்தது. வரிசையாக டோக்கன், டோக்கன், லிஸ்ட், லிஸ்ட், லிஸ்ட் என்று நின்றது.

"பாரும்மா. லிஸ்ட்டு வர்றதுக்கு முன்னாடியே டோக்கன் ரெண்டு தடவ போயிருக்கு. பட்டன் லாக் ஆகல. ஒரு தட்டுக்கு ரெண்டு தடவ அனுப்பியிருக்கு" என்றார் அண்ணன். எரிச்சலாகக்கூட இல்லை, சலிப்பாகச் சொன்னார்.

படத்தின் வலது பக்கம் வெட்டப்பட்டிருந்தது. யார் எப்போது கிளம்பி எப்போது திரும்பினார் என்று காட்டும் நேரக் கோடுகள் அந்தப் பக்கம்தான் இருக்கும். இடது பக்கம், பெயர் என்ற தலைப்பின் ஓரத்தில், அந்த முக்கோணம் நின்றது. இது பெயர் வரிசை. நேர வரிசையே இல்லை. நான் சட்டென்று அவளைப் பார்த்தேன். கை தவறித் தட்டியிருக்கிறாள், அவளே இப்போது பார்த்துவிட்டு "ஐயோ அண்ணே, மாத்தி எடுத்துட்டேன்" என்று சொல்லிவிடுவாள் என்று நிஜமாகவே காத்திருந்தேன். அவள் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"ஆறு மாசம் போகட்டும், ஒன்னோட நிரந்தரத்த அப்பறம் பாப்போம். அதுவரைக்கும் நீ எதுவும் எழுத வேணாம். கிளினிக்ல உக்காந்து வர்ற போன எடு" என்றார் அண்ணன். அவளுக்கு அடுத்த வாரமே நிரந்தரக் கடிதம் என்றும் அதே மூச்சில் சொன்னார்.

என் சீட்டுக்கு வந்து என் காப்பியைத் திறந்தேன். நேர வரிசையில் லிஸ்ட், டோக்கன், லிஸ்ட், டோக்கன், லிஸ்ட். எல்லாம் படிக்கட்டில் பார்த்தபடி. பெயர் என்ற தலைப்பை ஒரு தடவை தட்டினேன். ஆங்கில எழுத்து வரிசையில் எல் முன்னால், டி பின்னால் என்பதால் லிஸ்ட் மூன்றும் மேலே போயின, டோக்கன் இரண்டும் கீழே வந்தன. அண்ணன் காட்டிய படம் இது இல்லை. இன்னொரு தடவை தட்டினேன். வரிசை தலைகீழாகி டோக்கன் இரண்டும் மேலே ஏறின, அண்ணன் காட்டிய படம் போலவே.

கை தவறினால் ஒரு தடவை தவறும். அவள் ஒரு தடவை தட்டி, பார்த்து, இது உதவாது என்று முடிவு செய்து, மறுபடியும் தட்டியிருக்கிறாள். அப்புறம் வலது பக்கத்தை வெட்டியிருக்கிறாள். இதை நேராக அண்ணன் மேஜையில் கொண்டுபோய்க் காட்டியிருக்கலாமே என்று பிற்பாடு பலர் கேட்டார்கள். காட்டியிருக்கலாம். ஆனால் எனக்கு அப்போது அண்ணனிடம் ஜெயிப்பது பெரிதாகப் படவில்லை. அவள் வாயிலிருந்து அது வர வேண்டும். அது வந்துவிட்டால் அந்த ஆறு மாதத்தைக்கூட நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டியிருப்பேன்.

சாயங்காலம் ஆறு மணிக்குக் கீழே அவள் ஸ்கூட்டரை எடுக்க வந்தாள். நான் ஜவுளிக்கடை ஷட்டர் பக்கம் நின்றிருந்தேன்.

"ரெண்டு தடவ தட்டுனியா?" என்று கேட்டேன்.

மழுப்புவாள் என்று நினைத்தேன். மழுப்பவில்லை. ஸ்கூட்டர் சீட்டில் உட்கார்ந்து ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு, "ஆமா" என்றாள்.

"ஏன்?"

"ராத்திரி பூராம் யோசிச்சேன் புள்ள. வேற வழி தெரியல. இந்த வேல போச்சுன்னா எங்க வீட்ல அடுத்த மாசமே மாப்பிள்ள பாத்து அனுப்பிருவாக. எனக்கு இத விட்டா ஒண்ணும் இல்ல." பிறகு என் தோளில் கையை வைத்தாள். நிஜமான அன்போடுதான் வைத்தாள், அதுதான் எனக்கு இன்னும் தாங்கவில்லை. "ஒனக்கென்ன புள்ள? ஒங்க ஆளுகளுக்குத்தான் எங்க போனாலும் எடம் ஒதுக்கி வச்சிருக்காகளே. ஒரு பரீச்ச எழுதுனீன்னா கவர்மெண்டுல போயி உக்காந்துருவ. யோசிச்சுப் பாத்தா ஒனக்கு இது ஒரு நட்டமே இல்ல."

இந்த வேலைக்கு நாங்கள் இருவரும் எழுதிய பரீட்சையில் எனக்கு அவளைவிட இரண்டு கேள்வி கூடுதலாகச் சரி. அது அவளுக்குத் தெரியும். ஒரு வருஷம் ஒரே டப்பாவில் சாப்பிட்டிருக்கிறோம். அவ்வளவு நாளும் அவள் தலைக்குள் நான் 'ஒங்க ஆளுக'வாகத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ராத்திரி முழுக்க யோசித்து, யாரைத் தள்ளினால் பாவம் குறைவு என்று பார்த்திருக்கிறாள். நான் அவளுக்குச் சுலபமாகக் கிடைத்தேன். என்னிடம் திருப்பிச் சொல்ல ஆயிரம் இருந்தது. அவள் கையைத் தோளிலிருந்து எடுத்துவிடக்கூட இல்லை.

"சரி ஏறு, ஸ்டாப்புல விட்டுட்டுப் போறேன்" என்றாள்.

ஏறினேன். ஏன் ஏறினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மறுநாளிலிருந்து நான் ஆபீஸுக்குப் போகவில்லை. அம்மா இன்னும் களை எடுக்கத்தான் போகிறது. அவள் செய்ததை நான் எத்தனையோ பேரிடம் சொல்லித் திட்டித் தீர்த்திருக்கிறேன். யாரிடமும் சொல்லாதது, அன்றைக்கு அவள் முதுகுக்குப் பின்னால் விழாமல் இருக்க அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நாலு நிமிஷம் போனதும், ஸ்டாப்பில் இறங்கி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அவளைப் பார்த்து "வாரேன்" என்று சொன்னதும்தான்.